மந்திரப் பொருளைக் கொடுத்து மக் வாங்கியவன்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துவிடுவீர்கள்.

சாட்சி எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. நீல நிற பிளாஸ்டிக் மக். கைப்பிடியில் லேசாக விரிசல். ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவில் வந்த பழைய சாமான் வண்டிக்காரரிடம் ஒரு பித்தளைப் பொருளைக் கொடுத்து அதை வாங்கினேன். அவர் முதலில் சோப்பு டப்பாதான் தருவேன் என்றார். நான் விடவில்லை. வாதாடி மக்காக வாங்கிக்கொண்டு, கோட்டையைப் பிடித்தவன் மாதிரி வீட்டுக்குள் வந்தேன்.

அந்த மக்கில்தான் தினமும் தலைக்கு ஊற்றிக்கொள்கிறேன். சிலருக்குப் புத்தி உள்ளிருந்து வரும். எனக்குப் பச்சைத் தண்ணீராக வெளியிலிருந்து ஊற்ற வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் நான் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘எல்லா அடியும் உங்களுக்கே படுகிறதே, அடுத்தவருக்கு நீங்கள் எதுவுமே செய்ததில்லையா?’ என்று எழுதியிருந்தார். செய்திருக்கிறேன் ஐயா. இந்த வாரம் அதுதான்.

புளி வாசனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் பழைய குவார்ட்டர்ஸின் முன்னறை. மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு டம்ளரை அவற்றின் மேல் வைத்திருந்தோம். மேஜையைச் சுற்றி நாலு பேர். நான், என் மனைவி கலா, மெயின் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பஷீர், அப்புறம் வேல்முருகன்.

வேல்முருகன் கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்தில் நான் வேலை பார்க்கிற அதே கன்வேயர் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நான் பெர்மனன்ட். இருவருக்கும் ஒரே வயது. நான் அவனை ‘நீ’ என்பேன், அவன் என்னை ‘நீங்க’ என்பான். வேலை இடத்தில் ‘சார்’, இந்த மேஜையில் ‘மாஸ்டர்’. இதையெல்லாம் நான் கவனித்ததே, எழுத உட்கார்ந்த பிறகுதான்.

அன்றைக்கு அவன் முறை. மஞ்சள் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். வைத்த சத்தத்திலேயே கனம் தெரிந்தது. டம்ளர்கள் ஒருமுறை ஆடி நின்றன.

பிரித்தான். பித்தளை. ஒரு சொம்பு அளவு. மேல்வாயில் மரை. கீழ்ப்பாதி முழுக்கச் சுற்றிலும் ஓட்டை. உள்ளே எட்டிப் பார்த்தால் மூடி மாதிரி ஒன்று, அதில் வட்டமாக வெட்டி ஒட்டிய தோல். செருப்புத் தோல்தான், தையல் ஓட்டைகூடத் தெரிந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தான். அறை முழுக்கப் புளி வாசனை.

என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் குவார்ட்டர்ஸில் பிறந்து குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். தண்ணீர் குழாயில் வரும், வராவிட்டால் புகார் எழுதுவோம். அதற்கு மேல் தண்ணீரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜோக்கடிக்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது.

“என்னய்யா, ரசம் வச்ச சட்டிய அப்படியே தூக்கிட்டு வந்துட்டியா?” என்றேன்.

பஷீர் சிரித்தார். வேல்முருகனும் சிரித்தான்.

இரண்டு படிகள்

இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மேஜையில் உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு அது. கதையை நடத்துகிறவர் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். குகைக்குள் போகிறோம், கதவை உடைக்கிறோம், பூதத்திடம் பேசிப் பார்க்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். விடுமுறையில் வந்த ஒரு கல்லூரிப் பையன் விதிப் புத்தகத்தை பஷீர் கடையில் நகல் எடுக்கப் போக, அவர் தமக்கும் ஒரு செட் எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரிந்தது. புரியாத பாதியை நானே எழுதிக்கொண்டேன். அதனால்தான் மாஸ்டர் ஆனேன், வேறு தகுதி கிடையாது.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பகுதி, மந்திரப் பொருளை அறிவது எப்படி என்பது. அதில் இரண்டு படி.

முதல் படி, கண்டறிதல். மந்திரமுள்ள மோதிரமும் மந்திரமில்லாத மோதிரமும் பார்வைக்கு ஒன்றுதான். அதற்கென்று பயின்றவன் மனதைக் குவித்துப் பார்த்தால் மந்திரப் பொருளைச் சுற்றி மங்கலாக ஓர் ஒளி தெரியும். இதில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும். என்ன என்று தெரியாது.

இரண்டாம் படி, அடையாளம் காணுதல். இதற்கு அவசரம் உதவாது. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வேறெதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது தன்னைச் சொல்லும். எதற்கு ஆனது, எப்படி எடுத்தாள்வது, இன்னும் எத்தனை முறை பலிக்கும், எல்லாம். சாபத்தை மட்டும் சொல்லாது. சாபம் கையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும்.

ஆனால் ஆட்டத்தில் ஒரு மணி நேரம் என்பது கடிகாரத்து ஒரு மணி நேரம் இல்லை. மாஸ்டர் ‘ஆயிற்று’ என்றால் ஆயிற்று. எனக்கு ரொம்பப் பிடித்த அதிகாரம் அது. ஷிப்ட் முடிகிற சங்கை ஒருநாளாவது என் இஷ்டத்துக்கு ஊத முடியுமா?

இதோடு எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. வாரத்துக்கு ஒருவர் தன் வீட்டிலிருந்து நிஜமாகவே ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர் அது என்னவென்று சொல்லக் கூடாது. மாஸ்டர் பார்த்த மாத்திரத்தில் அதற்கொரு மந்திரம் கட்டுவார். ஆடுகிறவர்கள் கண்டறிந்து அடையாளம் காண்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, கொண்டுவந்தவர் அதன் நிஜக் கதையைச் சொல்வார். கதை முடிகிறவரை பொருள் மாஸ்டரின் தகரப்பெட்டியில் இருக்கும்.

பஷீர் ஜெராக்ஸ் மெஷினின் தேய்ந்த ரோலரைக் கொண்டுவந்தார். அது ஆளைப் பிரதி எடுக்கும் மந்திரக்கோல் ஆயிற்று. கலா கொண்டுவந்த விரிசல் விட்ட இட்லித் தட்டில் குழிக்கொரு வரம் கிடைத்தது. நான் என் அப்பாவின் பித்தளை டோக்கனைக் கொண்டுவந்தேன். சுரங்கத்தில் இறங்கும்போது கொடுத்து, ஏறும்போது வாங்கிக்கொள்கிற, எண் அடித்த வில்லை. அதற்கு நானே கட்டிய மந்திரத்தைக் கேளுங்கள். அதை வைத்திருப்பவனைப் பூமி விழுங்காது. எந்தப் பாதாளத்தில் இறங்கினாலும் சூரியனைப் பார்த்துத் திரும்பி வருவான். சொல்லி முடித்ததும் வில்லையைச் சட்டையில் ஒருமுறை துடைத்தேன், இன்னொரு முறையும் துடைத்தேன். கலா எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

என் அப்பாவின் வில்லைக்கு அது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோலர் பேசும்

எங்கள் குழுவில் கண்டறிபவன் பாத்திரம் வேல்முருகனுக்கு. வேறு யாருக்கும் அது பொருந்தாது.

கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே வரிசையாக ரோலர்கள் உருளும். நூற்றுக்கணக்கில். ஒன்றின் பேரிங் போனால் சூடேறும், நிலக்கரித் தூள் பக்கத்திலேயே இருக்கிறது, அப்புறம் சொல்ல வேண்டியதில்லை. வேல்முருகன் பெல்ட் ஓரமாக நடந்துகொண்டே வருவான். திடீரென்று நிற்பான். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்து, “தோ, மூணாவது. முணங்கிகினு கெடக்குது சார்” என்பான். தொட்டுப் பார்த்தால் கொதிக்கும்.

ரெஜிஸ்டரில் ‘பழுது கண்டறியப்பட்டது’ என்று எழுதி அடியில் நான் கையெழுத்துப் போடுவேன். கண்டறிந்தவர் பெயருக்கென்று அதில் தனியாக இடம் இருந்தது. அதிலும் என் பெயரைத்தான் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கை பழகிவிட்டது.

டிபன் நேரத்தில் என் பையிலிருந்த விதிப் புத்தகத்தின் நகலை எடுத்துப் புரட்டி, படத்தைப் பார்த்து, இது என்னங்க சார் என்று அவன் கேட்டதில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. செகண்ட் ஷிப்ட் இருந்தால் மாற்றிக்கொண்டு வருவான். அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வந்து, வாசலில் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவான்.

ஆயிற்று

புளி வாசனைக்கு வருவோம்.

கண்டறிபவன் பகடையை உருட்டினான். பதினேழு. பொருளைச் சுற்றி ஒளி தெரிகிறது என்றேன். அவன் முகத்தில் நிஜமாகவே ஒரு வெளிச்சம் வந்தது. அந்தப் பித்தளையை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“ஒரு மணி நேரம் கையில வெச்சிகினு உக்கார்றேன் மாஸ்டர்” என்றான்.

“ஆயிற்று” என்றேன் நான்.

மூச்சு விடக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஜோக் தயாராகிவிட்டது. வாயில் ஜோக்கை வைத்துக்கொண்டு காத்திருப்பது, சூடான போண்டாவை வைத்துக்கொண்டு காத்திருப்பது மாதிரி.

இது ஒரு பிச்சைப் பாத்திரம் என்றேன். சுற்றிலும் ஓட்டை, அதனால் எதைப் போட்டாலும் தங்காது. பிச்சைக்காரன் தன் செருப்பையும் உள்ளேயே வைத்திருக்கிறான், பாருங்கள். இதைத் தொட்டவனுக்கு ஒரு சாபம். இனி எதைச் செய்வதானாலும் மேஜையில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ‘ஐயா, உத்தரவு’ என்று கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

பஷீருக்குப் புரையேறியது. கலாகூடச் சிரித்துவிட்டாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு சிரிப்பு அந்த மேஜையில் அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. அந்த மயக்கத்தில், கொண்டுவந்தவர் நிஜக் கதையைச் சொல்கிற வழக்கத்தையே மறந்துவிட்டேன். ‘அடுத்த அறைக்குள் போகிறீர்கள்’ என்று நகர்ந்துவிட்டேன்.

வேல்முருகன் விதியை மதிக்கிறவன். அன்றும் அடுத்த இரண்டு ஞாயிறும், பகடையைத் தொடும் முன் ஒவ்வொருவரையும் பார்த்து, “ஐயா, உத்தரவு” என்று கேட்டுக் கேட்டு ஆடினான். பஷீருக்கே கடைசியில் சங்கடமாகிவிட்டது. யோவ் மாஸ்டரு, சாபத்தை எடுத்து விடுய்யா என்றார். எடுத்திருக்கலாம். சிரிப்பு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது எனக்கு.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட இந்த அத்தியாயத்தை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை, பெல்ட் ஓரம், பத்துப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேல்முருகன் ஸ்பேனரை எடுக்கக் குனிந்தான். “என்ன, உத்தரவு கேக்காம எடுக்கறே?” என்றேன். ஏன் என்று ஒருவர் கேட்டார். நான் கதையைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன், எனக்கு அது வரும். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து அந்தப் பிரிவில் அவன் பெயர் உத்தரவு. ‘ஏய் உத்தரவு, அந்தக் கம்பியைப் பிடி.’ ‘உத்தரவு இன்னும் வரலியா?’ அவனைவிட வயதில் சின்னப் பையன்கள்கூட.

அவன் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினான், அவ்வளவுதான். ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்று பஷீரிடம் சொல்லியனுப்பினான். அதன்பின் ரோலர் முணங்கினாலும் அவன் என்னிடம் சொல்வதில்லை. கையால் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். கண்டறிபவன் இல்லாமல் ஆட்டமும் நின்றது.

வாசலில்

பிறகு நாங்கள் குவார்ட்டர்ஸ் மாறினோம். வீடு மாற்றும்போது மனிதனுக்கு ஒரு வெறி பிடிக்கும். எதைப் பார்த்தாலும் தூக்கிப் போடத் தோன்றும். தகரப்பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் டோக்கனை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஜெராக்ஸ் ரோலரை பஷீரிடம் சேர்க்கச் சொன்னேன். இட்லித் தட்டைக் கலா வாங்கிக்கொண்டாள். மிச்சமிருந்தது ஒன்றுதான். தெருவில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

மக் கதை உங்களுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் கொஞ்ச மாதம் கழித்து ஒரு காலை, புது வீட்டு வாசலில் வேல்முருகன் நின்றான். சைக்கிளிலிருந்து இறங்கியிருந்தான், கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன். இல்ல மாஸ்டர், வேலைக்குப் போவணும் என்றான். மாஸ்டர் என்று அவன் சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“அந்த ஃபுட் வால்வு ஒங்ககிட்டதான இருக்குது? அப்பா கேட்டுகினே இருக்காரு.”

அப்போதுதான் அதன் பெயரையே கேட்கிறேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே அவன் சொன்னான். கிணற்றில், மோட்டார் பைப்பின் அடிமுனையில், தண்ணீருக்குள் மாட்டுவதாம் அது. சுற்றிலும் இருக்கிற ஓட்டை, குப்பையை வெளியே நிறுத்தித் தண்ணீரை மட்டும் உள்ளே விடுவதற்கு. உள்ளே இருக்கிற மூடி, ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் பிடித்து நிறுத்துவதற்கு. மூடிக்கு வாங்கிப் போட்ட வாஷர் எதுவும் சரிப்படாமல், அவன் அப்பா தன் பழைய செருப்பை அறுத்துத் தானே வெட்டிப் போட்டாராம். அதன் பிறகு அந்த வட்டாரத்திலேயே பைப்பை நிரப்பச் சாணித் தண்ணீர் ஊற்றாமல், சுவிட்சின் ஒரே தட்டில் மோட்டார் தண்ணீர் எடுத்தது அவர்கள் கிணற்றில்தானாம்.

நிலம் சுரங்கத்துக்குப் போனபோது மோட்டாரையும் பைப்பையும் விற்றுவிட்டார்கள். அவர் மட்டும் கிணற்றில் இறங்கி இதைக் கழற்றி எடுத்துக்கொண்டாராம்.

இப்போது அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. விடிந்ததும் எழுந்து, பயிருக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று கிளம்பிவிடுகிறார். ரோட்டில் லாரி போகிறது. வால்வைக் கழற்றி வைத்திருக்கிறோம், இன்றைக்கு மோட்டார் ஓடாது என்று சொன்னால் நிற்கிறார். எங்கே காட்டு என்கிறார். காட்டினால் உட்கார்ந்துவிடுவார். காட்ட அது இல்லை.

“பெட்டியிலதான் இருக்கு. தேடி எடுத்து வைக்கிறேன்” என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு சைக்கிளில் ஏறினான். திரும்பினால் கலா நின்றிருந்தாள். குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மலை

நாலு நாள் அலைந்தேன். வண்டிக்காரரைப் பிடித்தேன். அவர் எல்லாவற்றையும் சேத்தியாத்தோப்பில் போட்டுவிடுவேன் என்றார். அங்கே போனால், பித்தளையெல்லாம் திருவதிகை பக்கம் ஒரு குடோனுக்குப் போகிறது என்றார்கள். அங்கே போனேன்.

பித்தளை மலை. குத்துவிளக்கின் தலை, குழாய்த் திருகு, அண்டா, கோயில் மணியின் நாக்கு. அதில் ஃபுட் வால்வு மட்டும் ஒரு மூலையில் தனியாக, எப்படியும் முப்பது நாற்பது இருக்கும். எல்லாம் ஏதோ ஒரு கிணற்றுக்குள் கிடந்தவை.

அவற்றில் எங்களுடையது, எங்களுடையதா, அவர்களுடையது, எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகமில்லை. மூன்று ஞாயிறு என் மேஜையில் இருந்த பொருள். அதை வைத்து நான் அடித்த ஜோக் ஒவ்வொன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. பொருள் நினைவில் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒளி எதுவும் தெரியவில்லை. குடோன்காரர், என்ன சார், பொண்ணு பாக்கறீங்களா என்றார். நியாயமான ஜோக். சிரித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு மணி நேரம்கூட நான் அங்கே உட்காரவில்லை. வெயில். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அளவு சரியாக இருந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. இது அதுவேதான் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வேல்முருகன் வீட்டுக்குப் போனேன். அவன் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் முந்திரி மரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போய்விடாமல், இடுப்பை நாற்காலியோடு சேர்த்து ஒரு துண்டால் மரத்தில் கட்டியிருந்தார்கள்.

வேல்முருகன் பக்கத்தில் நின்று அவருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். “பெட்டிக்குள்ளயே இருந்துச்சுய்யா. நான்தான் சரியாப் பாக்கல” என்று சொல்லிப் பிரித்து, பெரியவரின் கையில் கொடுத்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சுற்றிலும் தடவினார். ஓட்டைகளை விரலால் எண்ணுகிற மாதிரி தொட்டுக்கொண்டே வந்தார். அவசரமே இல்லை அவருக்கு. பிறகு மேல்வாய்க்குள் கட்டைவிரலை விட்டு மூடியை அழுத்தினார். அங்கே விரல் நின்றது. இன்னொரு முறை அழுத்தினார். குனிந்து உள்ளே பார்த்தார். செருப்பை வைத்தே ஜோக்கடித்த நானும் அப்போதுதான் உள்ளே பார்த்தேன். கறுப்பு ரப்பர்.

அதைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். விருந்தாளியின் பொருளைத் திருப்பிக் கொடுப்பது போல மரியாதையாக என் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் வேல்முருகனைப் பார்த்தேன். அவன் அந்தப் பித்தளையைத் தொடவே இல்லை. துண்டை உதறிக் கொடியில் போட்டான்.

“இது வேற கெணத்துது, சார்.”